எழுந்து நிற்கச் சொல்லும் குரல்

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் நம் வகுப்பறைகளில் ஒரு குரல் ஒலிக்கும். "எஸ்சி, எஸ்டி பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க." அதில் அதட்டலோ ஏளனமோ இருக்காது. கல்வி உதவித்தொகைக்கான பட்டியலை மாலைக்குள் அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டிய ஓர் ஆசிரியரின் அவசரம் மட்டுமே இருக்கும். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். ஆசிரியர் எண்ணிக்கொள்வார், பெயர்களைக் குறித்துக்கொள்வார், உட்காரச் சொல்வார். எல்லாம் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடங்களில் நின்றிருந்த பிள்ளைகள் எதைக் கற்றார்கள், உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்த பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்று எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வசிக்கும் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசுகிறவர்கள். எங்களில் ஆசிரியர்களே அதிகம். நண்பர் ஒருவர் திண்டிவனம் வட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பில் அப்படி எழுந்து நின்றவர். இன்னொரு நண்பர் பதினெட்டு ஆண்டுகளாக அப்படி எழுந்து நிற்கச் சொன்னவர். இருவரும் பல ஆண்டுகளாக ஒரே நூல்களைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள். தலித் இலக்கியம் குறித்து ஒரே மேடையில் கட்டுரை வாசித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை முன்வைத்து நாங்கள் விவாதித்த ஒரு கூட்டத்தில்தான் அது வெளியே வந்தது. அன்று எழுந்த கேள்விகளின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

அறிக்கையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். சாதியின் பெயரால் தான் துன்புறுத்தப்படுவதை அவன் பள்ளியில் முறையிட்ட பிறகு நடந்த தாக்குதல் இது. இதையடுத்து அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு, 2024 ஜூன் 18 அன்று தமது அறிக்கையை முதல்வரிடம் அளித்தார். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது, அகர வரிசையில் மாணவர்களை அமரவைப்பது, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது என்று அதில் பல பரிந்துரைகள் உண்டு. ஊடகங்களில் கயிறும் நெற்றிக் குறியும் பெரும் சர்ச்சையாயின. ஆசிரியர்களுக்கான நடத்தை விதிகள், பணி நியமனத்தின்போதே சமூக நீதி குறித்த அவர்களது மனப்பாங்கை அறிதல், ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. நமக்கு முக்கியமாகப் படுபவை இவைதாம்.

கயிறு மாணவனின் கையில் இருக்கிறது; அதை அவிழ்க்கச் சொல்வது எளிது. ஆசிரியரிடமும் அலுவலரிடமும் உள்ளதை அவிழ்ப்பது எப்படி?

*

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்களில் தனியான கனம் உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அப்போது பிரிக்கப்படாதிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை முன்னிட்டு எழுந்த மோதலால் 2023 ஜூனில் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டதை நாடே அறியும். இத்தகைய ஊர்களிலிருந்துதான் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வருகிறார்கள். ஆசிரியர்களும் இத்தகைய ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பட்டப்படிப்பும் பி.எட். சான்றிதழும் ஒருவரது பிறந்த தெருவை அவரிடமிருந்து அழித்துவிடும் என்பது நமது கல்வித்துறையின் மூடநம்பிக்கைகளுள் ஒன்று.

திண்டிவனத்துக்கு இதில் வேறொரு மரபும் உண்டு. அங்குள்ள அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கல்யாணி என்கிற பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகவும் தாய்த்தமிழ்ப் பள்ளியின் வழியாகவும் செய்துவரும் பணிகளை நம் வாசகர்கள் அறிவார்கள். சமவெளியில் வாழும் இருளர்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கரிக்கு மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைப்பவர்கள். குடும்பம் சூளைக்குப் போனால் பிள்ளையும் போகும்; பள்ளியில் பெயர் மட்டும் இருக்கும். பழங்குடிச் சான்றிதழோ கோட்டாட்சியரின் விசாரணைக்குப் பிறகே கிடைக்கும். கிடைக்கும்வரை அலைய வேண்டியது, கையெழுத்துப் போடத் தெரியாத தாயும் தகப்பனும். சான்றிதழ் இல்லாத இருளர் பிள்ளை வகுப்பறையில் ஒரு விசித்திர நிலையில் இருக்கிறது. எல்லோருக்கும் அதன் சாதி தெரியும், அரசாங்கக் காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

*

மேலைநாடுகளில் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தம் ஊழியர்களுக்கு 'இனவெறி எதிர்ப்புப் பயிற்சி' அளிக்கின்றன. சாதியும் இனமும் ஒன்றா என்ற பழைய விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. 2001இல் டர்பன் மாநாட்டில் தலித் இயக்கங்கள் சாதியை உலகின் முன் வைத்தபோது இந்திய அரசு அதை எதிர்த்தது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயும் அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. 2022இல் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் தனது 23 வளாகங்களிலும் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதியைச் சேர்த்தது. கோட்பாட்டளவில் இரண்டும் வேறாகவே இருக்கட்டும். ஒரு நிறுவனம் தனது ஊழியரின் கையால் ஒரு குழந்தையை எப்படித் தாழ்த்துகிறது என்று பார்த்தால், அங்கும் இங்கும் செயல்படும் முறை வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல் இருக்கிறது.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். காவல்துறை அவ்வழக்கைக் கையாண்ட விதத்தை விசாரித்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வெளியானது. 'நிறுவனமயப்பட்ட இனவெறி' என்ற கருத்தாக்கத்தைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது அதுவே. வெறுப்பு இல்லாதவர்களும் அறியாமையாலும் யோசனையின்மையாலும் அன்றாட நடைமுறைகளின் வழியே பாகுபாட்டை நிகழ்த்த முடியும் என்று அது சொன்னது. இனவெறிச் சம்பவங்களைப் பள்ளிகள் பதிவுசெய்ய வேண்டும், அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எழுந்து நிற்கச் சொல்லும் நம் ஆசிரியரைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான சட்டகம் நமக்குத் தென்படவில்லை.

அதே மேற்குலகிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வருகிறது. அமெரிக்க நிறுவனங்களில் நடக்கும் இத்தகைய பயிற்சிகளை நெடுங்காலம் ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா கலேவும் 2016இல் ஒரு கட்டுரை எழுதினர். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி அளித்த நிறுவனங்களில், ஐந்தாண்டுகள் கழித்தும் மேலாளர் பதவிகளில் ஒடுக்கப்பட்டோரின் பங்கு உயரவில்லை. சில பிரிவினருக்குக் குறைந்தே போயிருந்தது. கட்டாயப்படுத்தி அறிவுரை சொன்னால் மனம் முரண்டு பிடிக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். யார் யாருக்கு என்ன பொறுப்பு, யார் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று வகுத்த இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது.

நம் ஊரில் பணியிடைப் பயிற்சி எப்படி நடக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. வட்டார வள மையத்தின் கூடம், வருகைக் கையொப்பம், தேநீர், கருத்தாளரின் உரை, குழுச் செயல்பாடு, பின்னூட்டப் படிவம். மறுநாள் பழைய வகுப்பறை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பயிற்சியொன்றில் கலந்துகொண்ட எங்கள் நண்பர் சொன்ன நிகழ்ச்சி மறக்க முடியாதது. சமத்துவம் குறித்த பயிற்சி அது. முற்பகல் முழுவதும் எல்லோரும் உற்சாகமாகப் பேசியிருக்கிறார்கள். 'சாதிகள் இல்லை' என்று ஒரு குழு பாடல்கூட இயற்றிப் பாடியது. மதிய உணவு முடிந்து எல்லோரும் திரும்பியதும், பின்வரிசையிலிருந்து வயது முதிர்ந்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "இப்ப சாப்பிட்டோமே, யார் யார் யாரோட உக்காந்து சாப்பிட்டோம்னு ஒரு நிமிஷம் யோசிப்போமா?" என்று மட்டும் கேட்டார். கூடம் அடங்கிவிட்டது. ஒருவர் சிரிக்க முயன்றார். கருத்தாளர் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அன்றைய நாளின் உண்மையான பயிற்சி அந்த ஒரு நிமிடத்தில் தொடங்கியது, அந்த நிமிடத்திலேயே கைவிடப்பட்டது என்றே நாங்கள் கருதுகிறோம்.

*

பாகுபாடு மனத்தில் இருக்கிறது, ஆகவே மனத்தை மாற்ற வேண்டும் என்று நம் பயிற்சிகள் தொடங்குகின்றன. மனத்தை யாரும் பார்க்க முடியாது. ஆகையால் பயிற்சி எதையும் அளக்காமலே முடிகிறது. செயல்களிலிருந்து தொடங்கினால் என்ன என்பதே நமது கேள்வி. வகுப்பறையைப் பெருக்க யாரை அனுப்புகிறோம்? ஆசிரியரின் தண்ணீர்ச் செம்பை எடுத்துவர யாரைக் கூப்பிடுகிறோம்? காலை வழிபாட்டில் உறுதிமொழி வாசிப்பது யார்? ஒரு பேனா காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறக்கிறோம்? எந்தத் தெருப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், எந்தத் தெருப் பிள்ளையைத் தெருவின் பெயரால் அழைக்கிறோம்? ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். உரை எதுவும் தேவைப்படாது.

இதில் ஆசிரியர்கள் மட்டும் சேர்த்தியல்லர். அம்பேத்கர் தமது பள்ளி நாட்களை நினைவுகூரும் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் பள்ளியின் கடைநிலை ஊழியர், அவர் வராத நாளில் சிறுவன் அம்பேத்கருக்குத் தாகமே மிச்சம். ஒரு பிள்ளையின் பள்ளி என்பது அலுவலக உதவியாளரும் எழுத்தரும் சத்துணவுப் பணியாளரும் காவலாளியும் சேர்ந்தது. ஊழியரே தாழ்த்தப்படும் நிலையும் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்புக்குப் பிறகே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. சிக்கல் வந்தால் பாதிக்கப்பட்டவரை நகர்த்திவிடுவது என்பது நம் நிர்வாகத்தின் அனிச்சைச் செயலாக இருக்கிறது. பயிற்சி தேவைப்படுவது அந்த அனிச்சைக்கு.

*

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் ஒரு தப்பிப்பு வழி உண்டு. 'நாம் கருக்கு படித்தவர்கள்' என்பதே அது. பாமாவின் அந்த நூல் வெளிவந்தது 1992இல். பள்ளிச் சிறுமியாகத் தேங்காய்த் திருட்டுப் பழி சுமந்து அவமானப்பட்ட நிகழ்ச்சி அதில் வருகிறது. எங்கள் ஆசிரிய நண்பர் அதைப் பற்றிக் கண்கலங்கப் பேசியவர். அவரே தமது வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இருளர் சிறுவனிடம், எல்லோர் முன்னிலையிலும், மிகுந்த வாஞ்சையோடு, "உங்க அப்பா பாம்பு பிடிப்பாராடா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பெயராயிற்று. அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. சூளைக்குப் போயிருப்பான் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். "சூளை மட்டுந்தான் காரணம்னு இப்ப என்னால சொல்ல முடியல" என்றார் நண்பர்.

அவர் இதைச் சொல்லி முடித்ததும், ஏழாம் வகுப்பில் எழுந்து நின்ற நண்பர் பேசத் தொடங்கினார். குற்றம் சாட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தம் தெருவைப் பற்றிச் சொன்னார். தங்கள் வீட்டுத் திண்ணையில் இருளர் பிள்ளைகளை உட்காரவைத்ததில்லை என்றார். உதவித்தொகைக்காக எழுந்து நிற்கையில், பக்கத்தில் நின்ற இருளர் பையனிடமிருந்து அரை அடி தள்ளி நின்றது நினைவிருக்கிறது என்றார். புதிரை வண்ணார் வாழ்வைச் சொல்லும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது எழுந்த சர்ச்சைகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் அடுக்கு உண்டு என்று அந்த நாவல் சொன்னது பலருக்குக் கசந்தது. தலித் ஆசிரியர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வலியைச் சொல்லவைத்து, மற்றவர்கள் கேட்டுக் கலங்கிவிட்டு வீடு திரும்பும் பயிற்சிமுறையின் போதாமை இங்கே விளங்குகிறது. யாரும் வெறும் பார்வையாளராக இருக்க முடியாத வகையில் அது அமைய வேண்டும்.

எங்கள் ஊர் இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் பேசப்படும் பெருமை ஒன்றுண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு எங்கள் மண். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் கிடங்கல். அந்தப் பாட்டில் வழிப்போக்கர்களான பாணர்களுக்கு வேட்டுவப் பெண்கள் சுடுசோறு இடுகிறார்கள். அரசன் அருகில் நின்று உண்பிக்கிறான். வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை இன்று இதே நிலத்தில் சத்துணவுத் தட்டோடு எங்கே உட்காருகிறது என்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெருமையைப் பேசுவோம்.

*

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். பயிற்சி ஒருநாள் நிகழ்ச்சியாகக் கூடத்தில் நடக்க வேண்டாம்; அந்தந்தப் பள்ளியிலேயே, தலைமையாசிரியர் முதல் சமையல் பணியாளர் வரை எல்லோரும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக நடக்கட்டும். அது நடைமுறைகளைத் திருத்துவதில் தொடங்கட்டும். உதவித்தொகை விவரங்களை மாணவரைத் தலைமையாசிரியர் அறைக்குத் தனியே அழைத்துத் தெரிவிக்கலாம் என்று சந்துரு குழு சொல்வது மிகச் சிறிய மாற்றம், செலவே இல்லாதது. சாதி சார்ந்த முறையீடுகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். எடுத்த நடவடிக்கையும் அதில் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் வந்த பெற்றோர்கள் அதைப் பார்க்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும். முறையீடே இல்லாத பள்ளியைப் பாராட்டாமல், ஏன் இல்லை என்று விசாரிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது, தேர்வு விதிகளைப் போல ஒவ்வோர் ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தரப்பில் நியாயமான மறுப்புகள் உண்டு. எமிஸ் பதிவேற்றம், எண்ணும் எழுத்தும், தேர்தல் பணி என்று ஏற்கெனவே தாங்க முடியாத சுமை. ஊரும் கட்சியும் சாதிச் சங்கமும் வளர்க்கும் நஞ்சுக்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குவதா என்ற கோபமும் புரிந்துகொள்ளத் தக்கதே. ஊரைக் கண்டித்த ஆசிரியர் மறுநாள் ஊர்வழியேதான் பள்ளிக்கு வர வேண்டும். அவருக்குத் துறை துணை நிற்காவிட்டால் எந்தப் பயிற்சியும் வீண். ஆயினும் ஊரை மாற்றும் பொறுப்பு ஆசிரியருடையதல்ல என்று ஒப்புக்கொண்டாலும், காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலேகால் வரை அந்த நான்கு சுவர்களுக்குள் நடப்பது அவர் பொறுப்பு. ஊரில் எங்கும் கிடைக்காத ஒன்றை ஒரு குழந்தை அங்கே பெறுகிறது என்றால், அதைத் தருவதற்கு வேறு யாரும் இல்லை.

அன்றைய கூட்டத்தின் முடிவில், எழுந்து நின்ற நண்பரிடம் ஆசிரிய நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்கள எழுந்து நிக்கச் சொன்ன அந்த வாத்தியாரு எப்படிப்பட்டவரு?"

"ரொம்ப நல்லவருங்க. எனக்கு ரெண்டு வருஷம் நோட்டு வாங்கிக் குடுத்தது அவருதான்" என்றார் இவர்.

வெறியர்களைப் பற்றிய விவாதமாக இருந்திருந்தால் அது எப்போதோ முடிந்திருக்கும். நோட்டு வாங்கிக் கொடுத்த கையே அந்தப் பிள்ளையை எழுந்து நிற்கவும் வைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்பிக்காத எந்தப் பயிற்சியையும் நம்மால் பயிற்சி என்று ஏற்க முடியவில்லை. நம் வாசகர்களில் கணிசமானோர் ஆசிரியர்கள். அடுத்த ஜூனில் அந்தப் பட்டியல் உங்கள் மேசைக்கும் வரும். அதை எப்படி நிரப்பப் போகிறீர்கள்?